கால்மிதியை விட்டு இறங்குங்கள்

என் எலிக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் நன்றாக இல்லை, அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் அங்கே எப்படி இருக்கிறீர்கள், ராத்திரி ஷிப்ட் மாற்றிக் கொடுத்தார்களா, உன் இருமல் நின்றதா என்று ஒரு வரி எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயைத் திறந்தால் நீ பாதியிலேயே "அம்மா, கேளும்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய், அப்புறம் நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல் மாணலாகத்தான் இருக்கும், இருந்தாலும் கடைசி வரைக்கும் படி. ஏனென்றால் இது உன் கைக்கு வருவதற்குள் உன் பெரியப்பா போன் போட்டிருப்பார். வெளி ஆள் முன்னால் உங்க அம்மா என் மானத்தை வாங்கிவிட்டாள், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்க மாட்டேன் என்றாள் என்று சொல்லியிருப்பார். நான் தாழ்ப்பாள் போடவில்லை. போட்டிருந்தால் போட்டேன் என்றே சொல்லியிருப்பேன், எனக்கென்ன பயம். நடந்தது வேறு, அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ அப்பா காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனாய் அல்லவா, அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் பெரியப்பா நடுக்கதவுக்கு ஆணி அடித்தார். அவர்கள் இருக்கிற முன்பாதிக்கும் நாம் இருக்கிற பின்பாதிக்கும் நடுவில் இருக்கும் கதவைச் சொல்கிறேன், சின்ன வயதில் நீ தொங்கி ஆடிக் கீலைக் கழற்றினாயே, அதுதான். எதற்கு அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "காத்து வருதும்மா, உங்க அக்காவுக்குச் சளி பிடிச்சுக்குது" என்றார். இத்தனை வருஷம் வராத காற்று உங்க அப்பா போனதும் வர ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கமிருந்து அடித்ததில் ஆணி முனையெல்லாம் என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது, நான் அதில் கரித்துணி மாட்டிக்கொள்கிறேன், வீணாக்குவானேன். தெருவாசல் அவர்கள் பாதியில் இருக்கிறது. எனக்கு மிச்சம் அடுப்படியின் பின்கதவு ஒன்றுதான், அது சந்துக்குத் திறக்கிறது. சந்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம், தெருக்குழாய், குழாயடிச் சேறு, குப்பை வண்டி நிற்கிற இடம். வாசலை ஒட்டி ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கல், அதை விட்டுக் காலை இறக்கினால் கணுக்கால் வரைக்கும் சேறு. தபால்காரர் சந்துக்குள் வருவதில்லை. யாராவது துக்கம் கேட்க வந்தால்கூட முன்வாசலில் அக்கா, உன் பெரியம்மாதான், "அவ பின்னாடி இருக்கா, சுத்திப் போங்க" என்பாள், சுற்றிப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் அவரவர் வீட்டுக்கே சுற்றிப் போய்விடுவார்கள். எதற்கு அடித்த ஆணி என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு மழைக்காலம் சேற்றை மிதித்தால் இவளே மூட்டை கட்டிக்கொண்டு மகளிடம் போய்விடுவாள், வீட்டை மொத்தமாக ஒரே கையில் விற்றுவிடலாம். வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது, என் சம்மதம் இல்லாமல் அவரால் விற்க முடியாது. அதற்குத்தான் உன்னைப் பிடித்தார். நீயும் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு "தனியா அங்க உக்காந்து என்னம்மா பண்ணப் போற" என்று கேட்டாய். என்ன பண்ணினேன் என்று சொல்கிறேன் கேள். கால்மிதி பண்ணினேன்.

அப்பா படுத்திருந்த கட்டிலை என்ன செய்யலாம் என்று என்னை யாரும் கேட்கவில்லை, எல்லோரிடமும் பதில் மட்டும் தயாராக இருந்தது. பெரியப்பா தூக்கி வெளியே போடு என்றார், குழாயடியில் ஒருத்தி எரித்துவிடு என்றாள், நீ போனில் யாருக்காவது கொடுத்துவிடு என்றாய். கட்டிலுக்கு மேலே விட்டத்தில் தொங்குகிற கயிற்றைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை, அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது ஆளை எழுப்புகிற கயிறு. நீ வந்திருந்தபோது அதைப் பார்த்தாய், என்ன ஏது என்று கேட்க உனக்கு நேரம் இல்லை, நானும் சொல்கிற நிலைமையில் இல்லை. அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்த பிறகு இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது, அது அவருக்குத் தாங்கவில்லை. லாரி ஷெட்டில் வயசெல்லாம் லோடு கட்டின ஆள், மலை மாதிரி மூட்டை ஏற்றின வண்டியை ஒரு கயிற்றில் அடக்கி அனுப்பினவர், தன்னை ஒரு மூட்டை மாதிரி தூக்குகிறார்களே என்று பல்லைக் கடிப்பார். ஷெட்டில் போய்ப் பழைய நூல் கயிறு ஒன்று கேட்டு வாங்கி வரச் சொன்னார். விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, பிடித்து எழுந்திருக்க வசதியாக முடிச்சு முடிச்சாகப் போட வேண்டும். நீங்கள் படுங்கள், நானே போட்டுவிடுகிறேன் என்றேன். "ரெண்டு கையும் நீயே போட்டா நான் எதுக்கு இருக்கேன். ஒரு கை என்னுது, ஒரு கை உன்னுது" என்றார். அவரைச் சாயாமல் பிடிக்க என் வலது கை அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மிச்சம் இருந்தது அவருடைய வலது கையும் என்னுடைய இடது கையும். அவர் கயிற்றை வளைத்துக் கண் மாதிரி ஒரு வளையம் வைப்பார், நான் நுனியை உள்ளே விட்டு இழுப்பேன், அவர் மேலே இன்னொரு சுற்றுச் சுற்றி அடியில் செருகுவார், நான் இறுக்குவேன். அந்தக் கடைசிச் செருகல்தான் அப்பாவுடையது, வண்டி எந்த ஊரில் போய் நின்றாலும் அதைப் பார்த்து இது இன்னார் கட்டினது என்று சொல்வார்களாம். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, இழு என்றால் விடுகிறாய், விடு என்றால் இழுக்கிறாய் என்று என்னைத் திட்டிக்கொண்டே அதை முடித்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு மாதிரி நாங்கள் கல்யாணமான புதிதில்கூடச் சிரித்ததில்லை. அதற்குப் பிறகு கடைசி வாரம் வரைக்கும் அவரை யாரும் தூக்கவில்லை, அவரே பிடித்து எழுந்து உட்கார்ந்தார். அந்தக் கயிற்றையும் கட்டிலையுமா நான் குப்பை வண்டியில் போடுவேன்.

ஒரு நாள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து திரும்பிப் பார்த்தால் அடுப்படி முழுக்க என் காலடியே சேற்றில் பதிந்து கிடந்தது, ஒருத்தி கால்தான், ஒரு கூட்டமே வந்து போன மாதிரி இருந்தது. சாக்கு போட்டுப் பார்த்தேன், சாயங்காலத்துக்குள் சாக்கு எது சேறு எது என்று தெரியவில்லை. பழைய துணி போட்டேன், ஊறி நாறியது. சேறு கீழே இறங்கிப் போக இடைவெளி வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நான் முன்பு பெருக்கித் துடைக்கப் போனேனே, அந்த ஆபீஸ் வாசலில் பலகையும் கயிறுமாக ஒன்று கிடக்கும். வருகிறவர்களுக்கு அதன் முகம்தான் தெரியும், தினமும் தூக்கி உதறினவள் எனக்கு அதன் முதுகு தெரியும். பட்டை பட்டையாகப் பலகை, இரண்டு ஓரத்திலும் துளை, துளைக்குள் கயிறு, ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சுதான் இடைவெளி. அண்ணாந்து பார்த்தேன், கயிறு தொங்குகிறது. குனிந்து பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் குறுக்கே வரிசையாக ரீப்பர் பலகை. இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும். அன்றைக்கே மெத்தையைச் சுருட்டிவிட்டுப் பலகைகளைக் கழற்றினேன். நடுவில் இருந்த பலகைகள் அப்பா இடுப்பு இருந்த இடத்தில் லேசாகப் பள்ளம் விழுந்து வழவழவென்று இருந்தன. அதைக் கையால் தடவிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை, நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் ரம்பத்தை எடுத்தேன்.

துளை போட மட்டும் என்னிடம் சாமான் இல்லை, சந்து முனையில் இருக்கிற கார்பெண்டரிடம் சுமந்துகொண்டு போனேன். நாற்காலிக் கால் ஒட்டிக்கொண்டிருந்தவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு "நல்ல மரமாச்சே, இதைப் போயி மிதிக்கறதுக்கா, கடையில ரப்பர்ல அழகழகா விக்குது" என்றார். ரப்பர் என் வீட்டுக்காரர் இடுப்பைத் தாங்கினதா என்று கேட்டேன். மனிதர் உடனே துளை போட ஆரம்பித்தார். போட்டு முடித்துவிட்டு, "கதவு உள்பக்கம் தெறக்குதா, வெளிப்பக்கம் தெறக்குதா" என்று ஒரு கேள்வி கேட்டார். துளை போடுகிறவருக்குக் கதவைப் பற்றி என்ன கவலை, தெறக்கிற பக்கம் தெறக்கும், நீங்க தூளை ஊதிவிட்டுக் கொடுங்க என்றேன். அவர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று பிற்பாடுதான் தெரிந்தது, அதை அப்புறம் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து உப்புத்தாளை வைத்து ஓரத்தையெல்லாம் தேய்த்தேன், வருகிறவர்கள் காலில் சிராய் ஏறக்கூடாது. பள்ளம் விழுந்த இடத்தை மட்டும் தேய்க்கவில்லை.

கயிற்றை இறக்கினேன். துளைக்குள் விட வேண்டுமென்றால் நாங்கள் போட்ட முடிச்சையெல்லாம் அவிழ்க்க வேண்டும், அதை நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொன்றும் அவர் பிடித்துப் பிடித்துக் கறுத்துக் கல்லாகி இருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பி நெம்பி ஒவ்வொன்றாக அவிழ்த்தேன், கடைசியில் கீழே நுனியில் இருந்ததை மட்டும் அவிழ்க்கவில்லை, அவிழ்க்கவும் முடியவில்லை, மனசும் வரவில்லை, அது அப்படியே ஓரத்து முடிச்சாக நிற்கட்டும் என்று அதிலிருந்து கோக்க ஆரம்பித்தேன். முதல் பலகையைக் கோத்துவிட்டு முடிச்சுப் போட உட்கார்ந்தால் போடத் தெரியவில்லை. சிரிக்காதே. என் இடது கைக்கு எல்லாம் தெரிகிறது, நுனியை உள்ளே விட வேண்டும், இழுக்க வேண்டும், இறுக்க வேண்டும். வலது கை பேந்தப் பேந்த முழிக்கிறது. அதன் வேலையை அது ஒரு நாளும் செய்ததில்லை, அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதி முடிச்சு எனக்குத் தெரியும், மறுபாதியை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எலி, அவர் போனதிலிருந்து எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள், இழப்பு இழப்பு என்றார்கள், அது என்ன என்று எனக்குப் பிடிபட்டது அப்போதுதான், கையில் கயிற்றை வைத்துக்கொண்டு. ஆனால் விட்டுவிட மனசில்லை. எனக்குத் தெரிந்த சாதா முடிச்சாகப் போட்டுக் கோத்துக்கொண்டே போனேன், ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்து, முடித்து விரித்தால் அது வளைந்துகொண்டு படுத்தது.

அந்த நேரம் பார்த்து உன் பெரியம்மா வந்தாள். அக்காவும் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், அவள் புருஷன் அடித்த ஆணிதானே. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்து நின்று, வீட்டைப் பார்க்கப் பெரியப்பா ஆள் கூட்டி வருவாராம், ஒழுங்காகப் பேசு என்று சொல்லிவிட்டு வரச் சொன்னாராம் என்று ஆரம்பித்தவள், என் வேலையைப் பார்த்துவிட்டு "ஏண்டி, இது கால்மிதியா வாழைப்பழமா" என்றாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, எனக்கு ஒரு கைதான் வேலை செய்யுது, உங்களுக்கு இருக்கிற கொழுப்புக்குச் சிரிக்கத்தான் தோணும் என்று கத்திவிட்டேன். அவள் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து எனக்கு வலது பக்கமாக உட்கார்ந்து, நான் போட்ட முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பாவும் வாலிபத்தில் அதே ஷெட்டில் லோடு கட்டினவர்தானே, அக்காவுக்குக் கயிறு புதுசில்லை. நான் வாயால் சொல்லச் சொல்ல அவள் வளைத்தாள், கண் வைத்தாள். கடைசிச் செருகல் வர அவளுக்கு நேரம் பிடித்தது, அவிழ்க்காமல் வைத்திருந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த மனுசன் எதைச் செஞ்சாலும் ஒரு வம்பு சேத்துத்தான் செய்வாரு" என்று திட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள். நடுவில், குனிந்தபடியே ஒன்று சொன்னாள். "சுவத்துக்கு அந்தப் பக்கம் விடியகாலம் கயிறு கிறீச்சுனு சத்தம் கேக்கும். சரி, கொழுந்தன் எந்திரிச்சுட்டாரு, நாமளும் எந்திரிக்கலாம்னு எந்திரிப்பேன். இப்ப எந்த நேரத்துல எந்திரிக்கறதுன்னே தெரியல" என்றாள். இத்தனை நாள் அந்தப் பக்கம் யாரும் இல்லை என்றே நினைத்திருந்தேன். முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "இதுல என் கையும் இருக்குன்னு அவர்கிட்ட உளறிடாத" என்று மிரட்டிவிட்டுச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். அதனால் நீயும் உளறாதே.

கால்மிதி அளவெடுத்த மாதிரி கல்லின்மேல் உட்கார்ந்தது. சேறு இடைவெளியில் விழுகிறது, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறது. பெருமையாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சாயங்காலம் கதவைத் தள்ளினால் கனக்கிறது. இன்னும் அழுத்தித் தள்ளினேன், கதவு கால்மிதியை முட்டித் தள்ளிக்கொண்டே போய்ச் சேற்றில் இறக்கிவிட்டது. அப்போதுதான் கார்பெண்டர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அடுப்படி சின்னது, உள்ளே அடுப்பு மேடை இருக்கிறது என்று அந்தக் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தவர்கள் நாங்கள்தான், இத்தனை வருஷம் திறந்து மூடினவள் நான்தான், எனக்கு அந்த யோசனை வரவில்லை. பலகை கதவின் அடிவிளிம்பை விட ஒரு விரல் உயரமாக நிற்கிறது. கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றால் கல்லில் இடமில்லை. திறக்கும்போதெல்லாம் கால்மிதி நகர்ந்து போகும், நான் காலால் இழுத்துத் திரும்ப வைப்பேன். கார்பெண்டர் அந்தப் பக்கம் போனபோது, கதவின் அடியை இழைத்துவிடுகிறேன், ஒரு மணி நேர வேலை என்றார். அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி வைத்தேன்.

அதற்குள் இவர்கள் வந்தார்கள். காலையில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது, சந்து முழுக்கக் குளம். பெரியப்பா புதுச் செருப்பு, பின்னால் வீடு வாங்க வந்தவர், இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப் போகிறவராம், அவருக்குப் பின்னால் அக்கா. சந்தில் காய்ந்த இடம் என்று ஒன்று இருந்தால் அது என் கால்மிதிதான், பெரியப்பா நேரே ஏறி அதன்மேல் நின்றுகொண்டு கதவைத் தட்டினார். வருகிறேன் என்று சொல்லிக் கதவைத் தள்ளினேன். நகரவில்லை. அவர் உடம்பு உனக்குத் தெரியும். அவர் மேலே நின்றால் கால்மிதி எப்படி நகரும், கால்மிதி நகராமல் கதவு எப்படித் திறக்கும். அவர் வெளியே வளையத்தைப் பிடித்து இழுக்கிறார், நான் உள்ளே தள்ளுகிறேன், இரண்டு பேரும் ஒரே பக்கத்துக்குத்தான் பாடுபடுகிறோம், கதவு அசையவில்லை. "ஏம்மா, ஆளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன், தாழ்ப்பாளை எடு" என்றார். தாழ்ப்பாள் போடலை மாமா, நீங்க கால்மிதியை விட்டு இறங்குங்க, கதவு தானா தெறக்கும் என்றேன். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னேன். "கால்மிதிக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம், விளையாடுறியா" என்றார். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லோரும் திரும்பிவிட்டார்கள். "இறங்கி எங்க நிக்கச் சொல்ற, சேத்துலயா" என்று கேட்டார். அது வரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை எலி, கதவு சிக்கிக்கொண்டதே என்ற பதற்றம்தான் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் கதவைத் தள்ளுவதை நிறுத்தினேன். ஆமாம் மாமா, சேத்துலதான், நடுக்கதவுக்கு நீங்க ஆணி அடிச்ச நாள்லேருந்து நானும் தினமும் அங்கதான் நிக்கிறேன் என்றேன். குழாயடியில் ஒருத்தி விசிலே அடித்துவிட்டாள்.

கதவில் சாய்ந்தபடியே பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீடு வாங்க வந்தவர் ஒரு செங்கல்லின்மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "சார், நீங்க கொஞ்சம் இறங்கித்தான் பாருங்களேன்" என்கிறார். அக்கா கால்மிதியைத் தொடாமல் சுவரோரமாகச் சேற்றில் நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், தோள் குலுங்குகிறது. பெரியப்பா தான் எதன்மேல் நிற்கிறோம் என்று அப்போதுதான் குனிந்து பார்த்தார். அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்தான் அந்த ஓரத்து முடிச்சு இருந்தது, நான் அவிழ்க்காமல் விட்டது. "இது தம்பி போட்ட முடிச்சாச்சே" என்றார், யாரிடமும் சொல்லவில்லை, அவருக்கே சொல்லிக்கொண்டார். தணலை மிதித்த மாதிரி காலை எடுத்துச் சேற்றில் வைத்தார், புதுச் செருப்போடு. கதவில் சாய்ந்து நின்ற நான் கதவோடு சேர்ந்து வெளியே வந்து விழப் போனேன், அக்கா பிடித்துக்கொண்டாள். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டிலா இது" என்று கேட்டார். ஆமாம், உங்க தம்பி படுத்திருந்த கட்டில், ரெண்டு வருஷமா நடுக்கதவுல நின்னு எப்படி இருக்கான்னு கேட்டுட்டுப் போவீங்களே தவிர ஒரு நாளும் வந்து உக்காராத கட்டில், இன்னிக்காவது ஏறி நின்னீங்களே, சந்தோஷம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது என்பாய். சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை அதே இடம் வந்தாலும் அதையேதான் சொல்வேன். அவர் திரும்பிச் சேற்றிலேயே நடந்து போய்விட்டார். தம்பியைப் படுத்த படுக்கையாகப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் அவர் உள்ளே வரவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். இருக்கட்டும், தைரியம் எனக்கு மட்டும் யாராவது கடையில் வாங்கிக் கொடுத்தார்களா. வீடு வாங்க வந்தவர் மட்டும் போகாமல், உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டுமா என்று இழுத்தார். தாராளமா வாங்க, காலைத் துடைச்சுக்கிட்டு வாங்க, டீ போடறேன், வீடு விக்கிறதுக்கில்ல என்றேன். டீயைக் குடித்துவிட்டு, கால்மிதி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதுதான் நடந்தது. இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். மகள் சம்மதித்துவிட்டாள், தாய்தான் முரண்டு பிடிக்கிறாள் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நீ அவருக்கு உன் வாயால் சொல்ல வேண்டும், அம்மா விற்க மாட்டேன் என்றால் நானும் விற்க மாட்டேன் என்று. அவர் அப்பாவுக்கு அண்ணன், மரியாதையாகவே சொல், ஆனால் வழவழ கொழகொழ என்று இல்லாமல் சொல். நான் உன்னோடு வந்து இருக்க மாட்டேன். உன்மேல் கோபம் இல்லை. எனக்கென்று ஒரு ஜன்னலோரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று நீ ஆசையாகச் சொன்னாய், பார்க்க வருகிறேன், உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன், திரும்பி வந்துவிடுவேன். அங்கே எனக்கு இருப்பது ஜன்னல், இங்கே எனக்குக் கதவு இருக்கிறது. தனியாக என்ன பண்ணப் போகிறாய் என்று இனிமேல் கேட்காதே. குழாயடியில் விசிலடித்தவள் தனக்கும் இதே மாதிரி ஒன்று செய்து தா என்கிறாள். செய்கிறேன், உன் வீட்டில் யார் கட்டில் இருக்கிறது என்று கேட்டேன், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். செத்தவர் படுத்த பலகையை வாசலில் போட்டு மிதிக்கலாமா என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுக்கிறார்கள். அப்பா படுத்துக் கிடந்தபோது அவருக்கு இருந்த ஒரே குறை, யாரும் வரவில்லையே என்பதுதான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கயிற்றைப் பிடித்து எழுந்து உட்கார்ந்துவிடுவார், அது குப்பை வண்டிக்காரர் சத்தமாக இருக்கும். இப்போது யார் வந்தாலும் முதலில் அவரிடம்தான் வருகிறார்கள். இதில் அவமரியாதை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கதவின் அடியை இழைக்கக் கார்பெண்டர் சொன்னபடி வந்தார், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். தப்பாகச் செய்ததுதான், ஆனால் அது எனக்குப் பிடித்துவிட்டது. இப்போது சந்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது, வருகிறவர்கள் ஓர் அடி தள்ளி நின்று கூப்பிடுகிறார்கள், நான் திறந்து காலால் கால்மிதியை இழுத்து வைக்கிறேன், துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். அக்கா இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிறாள், சுவரோரமாக நின்று கூப்பிடுவாள். நடுக்கதவு ஆணியைப் பிடுங்கச் சொல்லிச் சண்டை போடட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் அக்கா, கரித்துணி மாட்ட இடம் வேண்டுமே என்றேன். பெரியப்பா இன்னும் வரவில்லை. நேற்று மழை விட்ட பிறகு கதவைத் திறந்தால் கல்லைச் சுற்றிச் சேற்றில் யாரோ நான்கைந்து செங்கல் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. அதற்காக வீட்டை விற்கவும் போவதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுக்காதே, இருமலுக்கு வெந்நீர் குடி, மாப்பிள்ளை சத்தம் போட்டுப் பேசினாலும் மனசில் ஒன்றும் இல்லாத பிள்ளை, அவரிடம் முறைத்துக்கொள்ளாதே. உங்கள் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும், உங்கள் வாசலில் எப்போதும் ஆள் சத்தம் இருக்கட்டும். இனிமேல் எனக்கு எழுதினால் பழைய விலாசம் போடாதே, பின்சந்து, தெருக்குழாய்க்கு எதிர்க்கதவு என்று போடு, தபால்காரரிடம் நான் பேசிவிட்டேன், அந்தக் கதவுதான் இனி முன்வாசல் என்று. லீவு கிடைத்து நீ வரும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே சந்துக்கு வா. கால்மிதிமேல் ஏறி நிற்காதே, கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடு, நான் திறப்பேன். திறந்த பிறகு இரண்டு காலையும் நன்றாக அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே வா. அப்பாவுக்கு ஒன்றும் வலிக்காது.

இப்படிக்கு,
வீட்டை விட்டு எங்கேயும் போகாத
உன் அம்மா